பிதிர்க்கடனும் பிள்ளைக்கடனும்

ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலைக்குத் தந்தையை இழந்த மக்கள் திரண்டு வருவர். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டமிட்டு, கடலில் மூழ்கி, பின் நன்னீர்க் கேணியில் நீராடி, பிதிர்க்கடன் தீர்ந்தது என்ற மனநிறைவோடு வீடு திரும்புவர். தாயை இழந்தோர்க்குச் சித்திரா பௌர்ணமி. பெற்றோர்க்குப் பிள்ளைகள் பட்டிருக்கும் கடனைப் பற்றி நமது சமயமும் இலக்கியமும் ஓயாது பேசியிருக்கின்றன.

ஆனால் கடன் என்பது இருபுறமும் உள்ள உறவு. பிள்ளைக்குப் பெற்றோர் பட்டிருக்கும் கடன் யாது? ஆணென்று பெயரிட்டு வளர்த்த பிள்ளை தன்னைப் பெண்ணென உணருமிடத்தும், பெண்ணென்று வளர்த்த பிள்ளை தன்னை ஆணென உணருமிடத்தும் அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுகிறது? மிகப் பல வீடுகளில் இதற்குக் கிடைத்த விடை கதவடைப்பே. "ஆதிகாலந்தொட்டு நம் சமூகம் இப்படித்தான், இது நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் வரலாற்றின் முன் நிற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைமுகமும் சிங்கமுகமும்

கீரிமலை என்ற பெயரே உடல் மாறிய கதையொன்றிலிருந்து பிறந்தது. கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் இங்குள்ள ஊற்றில் நீராடி மனிதமுகம் பெற்றார் என்பது ஐதிகம். கீரியை வடமொழியில் நகுலம் என்பர். ஆதலின் அவர் நகுலமுனிவர், தலம் நகுலேஸ்வரம். இரண்டாவது கதை இன்னும் புகழ்பெற்றது. குதிரைமுகத்தால் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி நலம் பெற்றாள். குதிரைமுகம் நீங்கிய இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே அவள் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பினாள் என்பர். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இவ்விளவரசியின் கதை இடம்பெற்றுள்ளது. இதனை நடந்த வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை, அச்சமூகம் எதற்கு அஞ்சியது, எதை விரும்பியது என்பதைக் காட்டும் சான்றாகும்.

இக்கதையில் கவனிக்கத்தக்கவை இரண்டு. இளவரசியை மணந்த உக்கிரசிங்கன் சிங்கமுகம் உடையவன் என்று அதே மரபு கூறும். அவன் எந்தத் தீர்த்தத்திலும் மூழ்கித் தன் முகத்தை மாற்றவேண்டியிருக்கவில்லை. ஆணின் விலங்குமுகம் வீரத்தின் அடையாளமாயிற்று. பெண்ணின் விலங்குமுகம் நோயாயிற்று. எது இயல்பு, எது குறை என்று வகுப்பது சமூகமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? மற்றொன்று, குதிரைமுகத்தோடு இருந்தபோதும் அவள் சோழன் மகளாகவே இருந்தாள் என்பது. பரிவாரம் சூழத்தான் அவள் தீர்த்தயாத்திரை வந்தாள். முகம் மாறினால்தான் மகள் என்று கதையில் வரும் தந்தை சொல்லவில்லை. நலம் பெற்றதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட நாம் இதனை மறந்துவிட்டோம்.

கீரிமலை நீரின் இயல்பை இன்று அறிவோம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறிய மழைநீர் நிலத்தடியே சென்று கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. அது வெயிற்களைப்பைப் போக்கும், உடலைக் குளிர்விக்கும். தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ அறியும் ஒருவரின் உள்ளுணர்வை அது கழுவிவிடாது. அங்கே ஆண்களுக்கு ஒரு கேணி. பெண்களுக்கு மதிலால் மறைக்கப்பட்ட வேறொரு கேணி. இரண்டில் எதனுள்ளும் அச்சமின்றி இறங்கமுடியாத பிள்ளை ஒன்று உண்டு என்பதைக் கேணி கட்டியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் தமிழிலக்கணம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

இலக்கணம் அறிந்த மக்கள்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் திணையையும் பாலையும் வகுத்தவுடனேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொள்கிறது. அப்பெயர் உயர்திணையைச் சேர்ந்தது. அதற்கெனத் தனி ஈறு இல்லையாதலின் உள்ள உயர்திணை ஈறுகளையே அது பெறும் என்கிறது. இவ்விதியைக் கூறும் அதே நூற்பாவில் உடன் வைக்கப்பட்டிருப்பது தெய்வத்தைக் குறிக்கும் பெயர். அதோடு நிற்கவில்லை. ஆண்மை திரிந்தோர்க்கு ஆண்பாற் சொல் பொருந்தாது என்று அதே இயலில் வேறொரு நூற்பா விலக்குகிறது. தன்னைப் பெண்ணென உணர்ந்தவரை "அவன்" என்று அழைப்பது பிழையா என்ற கேள்வி இக்காலத்துப் புதுமை என எண்ணுவோர் இவ்விதியைப் படிக்கவேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் இன்னும் ஒரு படி செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்பது அதன் விதி. இங்கே பாலை முடிவுசெய்வது பிறந்த உடல் அன்று, விருப்பம். ஆனால் அந்நூற்பா அங்கு முடியவில்லை. இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் சொல்லப்படுவர் என்று அது தொடர்கிறது. ஒரு கையால் கொடுத்த உயர்திணையை மறு கையால் பறிக்க வழி செய்யும் அடி அது. தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் இடையிலான நூற்றாண்டுகளில் இம்மக்களின் சமூகநிலை தாழ்ந்தது என்பதற்கு இதனையே முழுச் சான்றாகக் கொள்ளமுடியாது. எனினும் மனிதரை "அது" என்று சுட்டும் வழக்கு இலக்கணத்திலும் இடம் பிடித்துவிட்டது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பதிப்பித்த நன்னூற் காண்டிகையுரையைக் கொண்டே யாழ்ப்பாணத்தில் தலைமுறைகள் இலக்கணம் கற்றன. பாலும் திணையும் பற்றிய விதிகளை மனப்பாடம் செய்த சமூகம், அவ்விதி சுட்டிய மக்களைத் தன் வீட்டில் கண்டபோது அடையாளம் காண மறுத்தது. இது அறியாமையால் நிகழ்ந்ததன்று. அறிவு ஏட்டிலும் வாழ்வு வேறிடத்திலும் இருந்ததால் நிகழ்ந்தது.

மேடையில் கைதட்டு, வீட்டில் பூட்டு

கலையிலும் இதே முரண்பாட்டைக் காண்கிறோம். சிலப்பதிகாரம் மாதவி ஆடியதாகக் கூறும் பதினோராடல்களுள் பேடிக்கூத்தும் ஒன்று. ஆண்மை திரிந்த கோலத்தில் காமன் ஆடியது அது. நமது பக்கத்தில், காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயானகாண்டத்தை ஊரூராக மேடையேற்றிய காலம் முதியோர் நினைவில் இன்னும் உண்டு. அவ்வகை இசைநாடகங்களிலும் நாட்டுக்கூத்துகளிலும் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்பது வழக்கமாக இருந்தது. சேலையுடுத்து, கொண்டை முடித்து, சந்திரமதியாக ஓர் ஆண் புலம்பியபோது விடிய விடிய இருந்து கண்ணீர் விட்டது நமது ஊர். வேடம் என்றால் கலை. உண்மை என்றால் அவமானம். விடிந்தால் கலைந்துவிடும் பெண்மையை மெச்சியவர்கள், கலையாத பெண்மையைத் தம் பிள்ளையிடம் கண்டபோது தடியெடுத்தார்கள்.

பாரதக் கதையில் வரும் சிகண்டியின் பெற்றோரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். துருபதன் தன் மகளை மகனென்று சொல்லி வளர்த்தான்; மகனென்றே மணமும் முடித்து வைத்தான். உண்மை வெளிப்பட்டுச் சம்பந்தி படையெடுத்து வரும் நிலை நேர்ந்தபோது, தன்னால் பெற்றோர்க்குத் துன்பம் வந்ததே என்று வருந்திக் காடேகியது பிள்ளைதான். வீடுகளில் இன்றும் நடப்பது இதுவே. பெற்றோரின் மானத்தைக் காக்கும் சுமை பிள்ளையின் தலையில் ஏற்றப்படுகிறது. தாங்காதபோது பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறுகிறது.

சொத்தும் சீதனமும்

பெற்ற பாசம் இவ்விடத்தில் ஏன் தோற்கிறது? பெற்றோர் இயல்பாகவே கொடியவர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையன்று. விடையைக் குடும்பத்தின் பொருளாதார அடிப்படையில் தேடவேண்டும்.

புறநானூற்றில் பொன்முடியார் பாடியதாக உள்ள பாட்டொன்று தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகன் தொடர்பான கடன்களை வகுத்து, இறுதியில் மகனின் கடன் போர்க்களத்தில் யானையை வென்று மீள்வது என்று முடிக்கும். மகன் என்பவன் யார் என்பதை அச்சமூகத்தின் தேவை, அதாவது போர், வரையறுத்தது. போர்க்குடிக்கு வாளேந்தும் மகன் தேவைப்பட்டது போலவே, நிலவுடைமைக் குடும்பத்துக்கு முதுசொம் காக்கும் மகனும் சீதனம் கொண்டுசெல்லும் மகளும் தேவைப்பட்டனர்.

யாழ்ப்பாணத்தில் இது எழுத்து வடிவிலேயே உள்ளது. 1706–1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலியார்கள் சரிபார்த்து ஒப்பிய தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. அது பதிவுசெய்த பழைய வழக்கில் தந்தைவழி முதுசொம் ஆண்மக்களுக்கு. தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. காணியும் வீடும் பிள்ளையின் பால் பார்த்துக் கைமாறிய சமூகம் இது. அச்சமூகத்தில் ஆண்பிள்ளையின் உழைப்பு, சகோதரிகளின் சீதனத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை "நான் மகனல்ல, மகள்" என்று சொல்லும்போது அசைவது பெற்றோரின் மனம் மட்டுமன்று. காணிப் பங்கீடு, சீதனக் கணக்கு, தங்கையின் கலியாணப் பேச்சு எல்லாம் சேர்ந்து அசைகின்றன. "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்விக்குள் "தங்கைக்குச் சம்பந்தம் வருமா?" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

சொத்தற்ற வீட்டில் இந்நெருக்கடி வேறு உருக்கொள்கிறது. 2007இல் வெளிவந்த "நான், வித்யா" என்ற தன்வரலாற்று நூலில் லிவிங் ஸ்மைல் வித்யா தமது தந்தையைப் பற்றி எழுதுகிறார். திருச்சியில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, வறுமையில் உழன்ற அவர், நெடுநாள் எதிர்பார்த்துப் பெற்ற ஆண்பிள்ளை படித்துக் கலெக்டராக வேண்டும் என்று கனவு கண்டார். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வராதபோது அடித்தார். தலைமுறைகளாக மிதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் விடுதலைக் கனவு முழுவதும் ஒரே மகனின் தோளில் ஏறியிருந்தது. அம்மகன் மகளாக மாறியபோது அத்தந்தைக்கு நேர்ந்த ஏமாற்றத்தில் சாதிக்கொடுமையின் பங்கும் உண்டு. அடியை நியாயப்படுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. அடிக்கும் கையை நிறுத்துவதற்கு, அக்கையை இயக்கும் அச்சம் எதுவென்று தெரியவேண்டும்.

அந்நியர் தந்த சட்டம்

வீட்டு அச்சத்தைச் சட்ட அச்சமாக்கியது பிரித்தானிய ஆட்சி. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையும் பொலிசாரின் கையில் ஆயுதங்களாயின. கோவையின் 365ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவைக் குற்றமாக்கியது. 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் பற்றியது. சேலையுடுத்த திருநங்கையையும் சட்டையணிந்த திருநம்பியையும் "ஆள்மாறாட்டக்காரர்" என்று மிரட்டுவதற்கு அது பயன்பட்டுள்ளது. தானாக இருப்பதையே ஆள்மாறாட்டம் என்று கொண்ட விந்தை அது.

இந்தியாவில் 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இன்னும் கொடிது. வடமேற்கு மாகாணங்களில் அது நடைமுறைக்கு வந்தது. "அலிகள்" என்று அரசு வகைப்படுத்தியோரின் பெயர்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவானவர் பொதுவீதியில் பெண்ணுடை அணிந்தாலும், ஆடிப்பாடினாலும், 16 வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம் வீட்டில் வைத்திருந்தாலும் 2 ஆண்டுவரை சிறை. அவர் பிள்ளைக்குப் பாதுகாவலராக இருக்கமுடியாது, தத்தெடுக்கமுடியாது, தானம் எழுதமுடியாது, மரணசாசனமும் எழுதமுடியாது. பெற்றவர் கைவிட்டோரும் தமக்குள் ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளக்கூடாது என்பதே இதன் பொருள். இன்று இச்சட்டத்தின் மனப்பான்மையையே "நமது பண்பாடு" என்று பலர் காத்துநிற்பது வரலாற்றின் கேலிக்கூத்து.

வெட்டிய உறவும் கட்டிய உறவும்

வீடும் சட்டமும் வெட்டிய உறவை இம்மக்கள் தாமே மீண்டும் கட்டினார்கள். தமிழ்நாட்டுத் திருநங்கையரிடையே மூத்தவர் தாயாகிறார், இளையவர் மகளாகிறார், தாயின் தாய் பாட்டியாகிறார். இவ்வுறவுகளுக்குச் சடங்கும் உண்டு, கடமையும் உண்டு, கண்டிப்பும் உண்டு. ரேவதியின் தன்வரலாறாகிய "வெள்ளை மொழி" இவ்வுலகத்தை உள்ளிருந்து காட்டுகிறது. அதில் அடைக்கலமும் இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது. அதனை வெறுமனே போற்றுவதோ தூற்றுவதோ நமது வேலையன்று. பெற்ற தாயின் வீட்டில் இடமிருந்தால் இத்தனை பேர் வேறு தாயைத் தேடி இரவோடிரவாக இரயிலேறியிருப்பார்களா என்று கேட்பதே பொருத்தமானது.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர். தஞ்சாவூர் கே. பி. கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்றுப் பல்லாண்டுகள் நடனம் பயிற்றினார். 2019இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ விருது வழங்கியது. விருதைப் பற்றிப் பேசும் நாம் அந்த ஆசிரியரைப் பற்றியும் பேசவேண்டும். பெற்றோர் தயங்கிய இடத்தில் ஓர் ஆசான் கதவைத் திறந்தார். கற்பிப்போர் அனைவருக்கும் இதில் பாடம் உண்டு.

மருந்தும் நீதிமன்றும்

கீரிமலைத் தீர்த்தத்தை நம்பிய காலத்துக்குப் பின், பெற்றோர் மருத்துவரை நம்பும் காலம் வந்தது. "எப்படியாவது மாற்றித் தாருங்கள்" என்ற வேண்டுகோள் மட்டும் மாறவில்லை. மருத்துவ அறிவோ மாறிவிட்டது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தம், இவ்வுணர்வை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. மாற்றவேண்டிய நோயே இல்லை என்பது இதன் பொருள்.

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு இருவகையில் முக்கியமானது. "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது; இடைப்பால் உடலோடு பிறந்த குழந்தைகளை அறுவைச் சிகிச்சையால் ஆணாகவோ பெண்ணாகவோ "சரிசெய்வதை" நிறுத்தச் சொன்னது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்பதே அதன் அடிப்படை. அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிராபத்தான நிலைமைகள் தவிர, அத்தகைய சிகிச்சையைத் தடைசெய்தது.

2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்களைப் பற்றியது. பால் உணர்வும் காதல் விருப்பமும் வெவ்வேறு விடயங்கள் என்றாலும் பெற்றோரின் அச்சம் ஒன்றே. அவர் பெற்றோரைத் தண்டிக்கவில்லை, உளவியலாளரிடம் அனுப்பினார். அதோடு நில்லாமல், தமக்கும் இது பற்றிய அறிவு போதாது என்று கூறித் தாமும் உளவியலாளரிடம் சென்று கற்றார். பெற்றோர் ஒரே நாளில் மாறவில்லை. ஆயினும் அதிகாரத்தில் இருப்பவர் முதலில் மாணவராகலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

சட்டங்களும் நகர்ந்துள்ளன. தமிழ்நாட்டில் 2008இல் இந்தியாவின் முதலாவது திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தன் பாலைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என விதித்தது. 1871இன் சட்டத்துக்கு நேரெதிரான வாசகம் இது. ஆனால் பெற்றோர் பேண இயலாதபோது நீதிமன்றம் பிள்ளையை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பும் என்றும் அச்சட்டம் கூறியது. தாம் கட்டிய குடும்பத்தை அது கணக்கில் எடுக்கவில்லை என்று திருநர் கண்டித்தது நியாயமே. இலங்கையில் 2016இல் வெளியான சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையும் பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கையும், பால்நிலை ஏற்புச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழிசெய்தன. 2023 மே மாதம், 365, 365ஏ பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இவையெல்லாம் தாமாக வந்தவையல்ல. வீட்டையிழந்த மக்கள் வீதியிலும் நீதிமன்றிலும் நின்று பெற்றவை.

கடன் தீர்க்கும் வழி

சட்டம் சான்றிதழைத் திருத்தலாம். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவைத்து "வா, பிள்ளை" என்று அழைக்க அதனால் முடியாது. அது பெற்றோரின் வேலை. பெற்றோர் அவ்வேலையைச் செய்ய அஞ்சாதிருக்கும்படி ஊரை மாற்றுவது நம்மனைவரின் வேலை. சீதனம் ஒழியவேண்டும், பால் பார்த்துச் சொத்தும் கடமையும் பங்கிடும் வழக்கம் ஒழியவேண்டும், ஒரு பிள்ளையைக் காட்டி மற்றப் பிள்ளையின் திருமணத்தைத் தடுக்கும் சம்பந்தக் கணக்கு ஒழியவேண்டும். பாடசாலையில், நடையைப் பார்த்துப் பட்டப்பெயர் சூட்டும் வாய்களை ஆசிரியர் அடக்கவேண்டும். முறைப்பாட்டோடு பெற்றோரை அழைக்குமுன் பிள்ளையோடு பேசவேண்டும். தொல்காப்பிய விதியைக் கற்பிக்கும் வகுப்பில், அது சுட்டும் மனிதர் வகுப்பறையின் பின்வாங்கில் இருக்கக்கூடும் என்ற நினைவு வேண்டும்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் போரினால் வீடிழந்தனர். கீரிமலையும் அயலூர்களும் உயர் பாதுகாப்பு வலயமாயின. சொந்த வளவை முட்கம்பிக்கு இப்பால் நின்று பார்த்தவாறு பல்லாண்டுகள் காத்திருந்தவர்கள் நமது மக்கள். "எங்கள் வீட்டுக்கு எங்களைப் போகவிடுங்கள்" என்பது அவர்களின் கோரிக்கை. அதனை நியாயமென்று சொல்லும் எவரும், பெற்ற வீட்டின் படலைக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் அதே கோரிக்கையை மறுக்கமுடியாது.

தமிழர் பெயரிடும் முறையில் தந்தையின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னே நிற்கிறது. ஒரு திருநங்கை தன் பெயரை மாற்றிப் புதிய சான்றிதழ் பெறும்போதும், மாறாமல் உடன் வருவது அந்த முதலெழுத்தே. தன்னை விரட்டிய தந்தையின் பெயரை அவள் ஆயுள் முழுதும் சுமக்கிறாள். அவர் இறந்தபின் ஆடி அமாவாசை வரும்போது, தனக்கு இடமில்லாத இரு கேணிகளையும் எண்ணித் தொலைவில் எங்கோ ஓர் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறாள். அவள் தன் கடனை மறக்கவில்லை. உயிரோடிருக்கும் தந்தையர் தம் கடனைத் தீர்க்க அமாவாசைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.